நபர்மைய உளச்சிகிச்சையும் தொலைநிலைப் பயிற்சியும்: எல்லைக்கோட்டை எங்கே வரைவது?

கேள்வியின் பின்னணி

பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஆகஸ்டில் உயர்கல்வி நிறுவனங்களுக்கு ஓர் அறிவுறுத்தலை வெளியிட்டது. 2021ஆம் ஆண்டின் தேசிய இணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் வரம்புக்குள் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ இனி நடத்தக் கூடாது என்பதும், 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்தே அது நடைமுறைக்கு வரும் என்பதும் அதன் சாரம். தடைக்குள்ளான படிப்புகளில் உளவியலும் ஒன்று. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முதலானவற்றில் வேலை பார்த்துக்கொண்டே, குழந்தைகளை வளர்த்துக்கொண்டே உளவியல் முதுகலை முடித்தவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் பள்ளிகளிலும் தொண்டு நிறுவனங்களிலும் மனநல ஆலோசகர்களாகப் பணியாற்றுகிறார்கள். அவர்கள் நடந்த பாதை இப்போது அடைபட்டிருக்கிறது. பிரித்தானியாவில் நடந்தது இன்னொரு விதம். அங்குள்ள ஆலோசனை, உளச்சிகிச்சைச் சங்கம் தன் உறுப்பினர்களிடம் ஓராண்டு முழுநேரமோ ஈராண்டு பகுதிநேரமோ வகுப்பறையில் பெற்ற பயிற்சியையும், மேற்பார்வையோடு கூடிய குறைந்தது 100 மணி நேரக் களப்பணியையும் எதிர்பார்த்து வந்தது. 2020இல் தொற்று பரவியபோது வகுப்பறைகள் மூடப்பட்டன. இணையவழிப் பயிற்சிக்குத் தளர்வு அளிக்க நேர்ந்தது. ஒரே தொழிலுக்கான பயிற்சி ஐந்தாண்டு இடைவெளியில் ஓரிடத்தில் திரைக்கு உள்ளேயும் இன்னோரிடத்தில் திரைக்கு வெளியேயும் தள்ளப்பட்டிருக்கிறது.

இதையொட்டி எழும் விவாதத்தில் இரண்டு தரப்புகள் உண்டு. மனிதத் துயரத்தோடு உட்காரக் கற்பதைக் கணினித் திரைவழியே செய்ய முடியாது என்கிறது ஒரு தரப்பு. சிகிச்சையே தொலைபேசியிலும் காணொளி அழைப்பிலும் நடக்கும்போது பயிற்சி மட்டும் ஏன் நடக்கக் கூடாது என்று கேட்கிறது மற்றது. இரு தரப்பும் ஊடகத்தைப் பற்றியே பேசுகின்றன. கற்கப்படும் பொருள் எத்தகையது, அது ஒருவருக்குள் எப்படி வந்து சேர்கிறது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. அந்தக் கேள்வியை எழுப்ப நபர்மைய உளச்சிகிச்சை மிகப் பொருத்தமான களம். அதன் கோட்பாட்டை ஒரு நீண்ட கட்டுரைக்குள் சொல்லி முடித்துவிடலாம். மனப்பாடம் செய்ய வேண்டிய நோய்ப் பட்டியலோ வரிசைப்படுத்தப்பட்ட உத்திகளோ அதில் இல்லை. ஆனாலும் அதைக் கைக்கொள்வதற்கு ஆண்டுகள் ஆகின்றன. பாடம் இவ்வளவு மெலிந்தும் பயிற்சி இவ்வளவு கடினமாகவும் இருக்கும் ஒரு துறையில், எதைத் தொலைவிலிருந்து தர முடியும் என்பது கூர்மையாகத் தெரிந்துவிடும். இக்கட்டுரையின் வாதம் இது: கோட்டை அறைக்கும் திரைக்கும் நடுவில் வரைவது தவறு. பாடமாகக் கையளிக்கப்படும் பயிற்சிக்கும், உயிருள்ள ஒருவர் முன் நிகழ்ந்து, பதிவாகி, இன்னொருவரால் கேட்டு விவாதிக்கப்படும் பயிற்சிக்கும் நடுவில்தான் அது வரையப்பட வேண்டும்.

ஆறு நிபந்தனைகளும் அவை கோரும் பயிற்சியும்

நபர்மைய உளச்சிகிச்சையை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் (1902-1987) தன் அணுகுமுறையைப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு கண்டடையவில்லை. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில், துன்புறுத்தப்பட்ட, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான அமைப்பில் பன்னிரண்டு ஆண்டுகள் பணியாற்றிய பிறகே 1940இல் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அங்கிருந்து 1942இல் வெளியான நூலும், பிறகு சிகாகோவில் பணியாற்றிய காலத்தின் 1951ஆம் ஆண்டு நூலும், 1957இல் அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையும் இந்தச் சிந்தனையின் மூன்று தூண்கள். மனமாற்றம் நிகழத் தேவையானவையும் போதுமானவையும் என்று 1957இல் அவர் ஆறு நிபந்தனைகளை முன்வைத்தார். இருவருக்கிடையே உளவியல் தொடர்பு இருக்க வேண்டும். நாடி வருபவர் உள்முரணால் கலங்கியிருக்க வேண்டும். ஆலோசகர் அந்த உறவில் உள்ளும் புறமும் ஒன்றாயிருக்க வேண்டும். நிபந்தனையற்ற ஏற்பையும் ஒத்துணர்வையும் அவர் தமக்குள் உணர வேண்டும். இவ்விரண்டும் ஓரளவேனும் நாடி வருபவருக்குப் போய்ச் சேர வேண்டும்.

தொலைநிலைப் பயிற்சியை எதிர்ப்பவர்கள் முதல் நிபந்தனையை அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் ரோஜர்ஸ் அதற்குக் கொடுத்த விளக்கம் மிகக் குறைந்தபட்சமானது: ஒருவரின் அனுபவ உலகில் மற்றவர் ஏதேனும் ஒரு வேறுபாட்டை உண்டாக்கினால் போதும், தொடர்பு உண்டு. ஒரே கூரையின்கீழ் இருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. தொலைபேசியில் அழுபவருக்கும் அதைக் கேட்பவருக்கும் இடையே இந்த நிபந்தனை தாராளமாக நிறைவேறுகிறது. ஆகவே கோட்பாட்டின் பெயரால் திரையை விலக்குவது கடினம். அதே கட்டுரையில், இணையவழிப் படிப்புகளை நடத்துபவர்களைச் சங்கடப்படுத்த வேண்டிய இன்னொரு கருத்தும் இருக்கிறது. சிறப்பான அறிவுத்துறைப் பயிற்சி ஒருவரைச் சிகிச்சையாளராக ஆக்கிவிடாது என்கிறார் ரோஜர்ஸ். அறிவுக்கு வேறு பல பயன்கள் உண்டு என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் சிகிச்சையாளராவது அனுபவத்தின் வழியே கிடைப்பது என்பது அவர் நிலை. காணொளிப் பாடம், குறிப்பேடு, கொள்குறி வினாத்தாள் என்ற முறையில் நடக்கும் படிப்பு, இந்தச் சிகிச்சைக்கு வேண்டாதது என்று அதன் நிறுவனரே ஒதுக்கிய பகுதியைத்தான் விற்கிறது.

ஏற்பு என்பதை எடுத்துக்கொள்வோம். யாரை ஏற்க முடியவில்லை என்பதைப் பயிற்சி பெறுபவர் முதலில் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. குடித்துவிட்டு மனைவியை அடித்த கணவர், சாதி மாறிக் காதலித்த மகளோடு பேச மறுக்கும் தந்தை, பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்லும் தாய்: இவர்களில் யாரிடம் தன் மனம் சுருங்குகிறது என்பது பாடத்தைப் படிக்கும்போது தெரியாது. படிக்கும்போது எல்லோரையும் ஏற்க முடியும் என்றே தோன்றும். எதிரில் ஒருவர் அதைச் சொல்லும்போது குரலில் ஒரு குளிர்ச்சி ஏறும். பெரும்பாலும் அது பேசியவருக்கே தெரியாது, கேட்டுக்கொண்டிருந்த மூன்றாமவருக்குத் தெரியும். உள்ளும் புறமும் ஒன்றாயிருப்பதும் இப்படித்தான். அலுப்பையும் பயத்தையும் புன்னகையால் மூடிக்கொள்ளும் பழக்கம் நம்மில் பலருக்கு வளர்ப்பிலேயே ஊறியது. அதை யாராவது கண்டுசொல்லும் இடம் வேண்டும். 1946-47இல் சிகாகோவில், போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு உதவும் ஆலோசகர்களைக் குறுகிய காலத்தில் உருவாக்க வேண்டியிருந்தபோது, ரோஜர்ஸும் சகாக்களும் அவர்களைக் குழுவாக உட்காரவைத்து நாள்தோறும் பல மணி நேரம் தங்களைப் பற்றிப் பேசவைத்தார்கள். பின்னாளில் உலகெங்கும் பரவிய சந்திப்புக் குழுக்களுக்கு ஒரு வேர் இந்தப் பயிற்சியில் இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். அவசரத் தேவைக்கான குறும்பயிற்சியிலும் அவர் விரிவுரைகளைக் கூட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இயந்திரத்தோடு தொடங்கிய பயிற்சி

தொழில்நுட்பம் இந்தச் சிகிச்சைக்கு அந்நியமானது என்ற எண்ணத்தை வரலாறு ஆதரிக்கவில்லை. ஓஹையோவில் ரோஜர்ஸ் செய்த மிகத் துணிச்சலான காரியம், ஆலோசனை அறைக்குள் ஒலிவாங்கியைக் கொண்டுவந்தது. காந்த நாடா பரவலாவதற்கு முந்தைய காலம் அது. இன்னோர் அறையில் ஒலித்தட்டு வெட்டும் கருவிகளை வைத்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை தட்டை மாற்றிமாற்றி உரையாடலைப் பதிவு செய்தார்கள். 1942ஆம் ஆண்டு நூலில் ஹெர்பர்ட் பிரையன் என்ற புனைபெயருள்ள ஒருவருடனான எட்டு அமர்வுகளும் சொல்லுக்குச் சொல் அச்சாயின. முழுச் சிகிச்சை ஒன்றின் உரையாடல் அப்படியே வெளியானது அதுவே முதல்முறை. அதுவரை சிகிச்சை அறையில் நடந்தது சிகிச்சையாளரின் நினைவிலும் அவர் எழுதிய குறிப்பிலும் மட்டுமே வாழ்ந்தது. மேற்பார்வையாளர் அந்த நினைவைத்தான் மேற்பார்வை செய்தார்.

பதிவைப் பயிற்சிக்குப் பயன்படுத்துவது பற்றி ரோஜர்ஸ் அதே ஆண்டில் தனிக் கட்டுரையே எழுதினார். தாங்கள் வழிநடத்தாமல் கேட்பதாக நம்பிய மாணவர்கள், தங்கள் பதிவைக் கேட்டபோது எத்தனை கேள்விகளால் எதிரிலிருப்பவரைத் துளைத்தோம், எங்கே அறிவுரைக்குத் தாவினோம் என்பதைத் தாங்களே கண்டார்கள். இங்கே நிகழ்ந்த மாற்றம் பெரிது. பயிற்றுநர் அதே அறையில் இருந்தாக வேண்டிய கட்டாயம் அன்றே தளர்ந்துவிட்டது. பதிவு கைக்கு வந்தால் அவர் அடுத்த ஊரிலும் இருக்கலாம். இசை பயில்வோர் கேள்வி ஞானத்தால் எவ்வளவோ பெறுகிறார்கள். ஆனாலும் சுருதி விலகும் இடத்தைச் சுட்ட ஒரு காது அவர்களுக்கு வேண்டியிருக்கிறது. ஒலித்தட்டு செய்தது, அந்தக் காதை அறைக்கு வெளியிலும் கிடைக்கச் செய்தது. 1960களில் நார்மன் கேகன் மிச்சிகனில் உருவாக்கிய முறை இதை ஒரு படி மேலே கொண்டுசென்றது. அமர்வின் ஒளிப்பதிவை ஓடவிட்டு, பயிற்சி பெறுபவரே விரும்பிய இடத்தில் நிறுத்தி, அந்தக் கணத்தில் தனக்குள் ஓடியதை நினைவுகூர்ந்து சொல்கிறார். உடனிருப்பவர் தீர்ப்புச் சொல்லாமல் கேள்வி மட்டும் கேட்கிறார். இன்றைய காணொளி அழைப்பில் இதைச் செய்வதற்குத் தடையேதும் இல்லை.

பதிவுக்கு ஒரு பக்கவிளைவும் இருந்தது. தொலைநிலைப் பயிற்சியின் மிகப் பெரிய ஆபத்து அதற்குள் ஒளிந்திருக்கிறது. பதிவில் கேட்பவை சொற்கள். சொற்களைக் கவனிக்கக் கவனிக்க, உணர்வைத் திருப்பிச் சொல்லும் வாக்கிய அமைப்பே சிகிச்சை என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். தன் அணுகுமுறை இப்படிக் கேலிச்சித்திரமாகச் சுருங்கியதைக் கண்டு, பல ஆண்டுகள் ஒத்துணர்வோடு கேட்பதைப் பற்றி அதிகம் பேசாமலே ஒதுங்கியிருந்ததாக 1975இல் ரோஜர்ஸ் வருத்தத்தோடு எழுதினார். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் வைசன்பாம் எலிசா என்ற கணினி நிரலை வெளியிட்டிருந்தார். தட்டச்சு செய்பவரின் வாக்கியத்தைத் திருப்பிக் கேள்வியாக்கித் தரும் அந்த நிரல், ரோஜர்ஸ் வழிச் சிகிச்சையாளரைப் போலப் பேசுமாறு எழுதப்பட்டிருந்தது. உலகத்தைப் பற்றி எதுவும் தெரியாமலே உரையாடலைத் தொடர அந்தப் பாணி வசதியாக இருந்தது. அது வெறும் நிரல் என்று நன்றாகத் தெரிந்த அவரது செயலாளரே, அதனோடு பேசும்போது அவரை அறையை விட்டு வெளியேறச் சொன்னாராம்.

எலிசாவை நபர்மைய அணுகுமுறைக்கு எதிரான சான்றாகப் பலர் பயன்படுத்தியிருக்கிறார்கள். எனக்கு அது பயிற்சியைப் பற்றிய சான்றாகவே படுகிறது. 1966இன் கணினி செய்யக்கூடிய ஒன்றை மட்டும் சோதிக்கும் படிப்பு, மனிதரைச் சோதிக்கவில்லை. ஒரு வாக்கியத்தைக் கொடுத்து ஒத்துணர்வான பதிலை எழுதச் சொல்லும் பயிற்சித்தாளை இன்றைய உரையாடல் மென்பொருள்கள் எலிசாவைவிடப் பன்மடங்கு சரளமாக நிரப்பும். எழுத்துப் பணிகளையே பெரிதும் நம்பிச் சான்றிதழ் வழங்கும் தொலைநிலைப் படிப்புகளின் அடித்தளம் இதனால் முன்னைவிடப் பலவீனமாகியிருக்கிறது.

சான்றுகள் எவ்வளவு தூரம் வருகின்றன

ஒத்துணர்வுக்கும் சிகிச்சையின் பயனுக்கும் உள்ள தொடர்பு இன்று ஓரளவு உறுதியாகவே நிறுவப்பட்டிருக்கிறது. ராபர்ட் எலியட்டும் சகாக்களும் 2018இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 6,138 பேரை உள்ளடக்கிய 82 மாதிரிகளில் 0.28 என்ற ஒட்டுறவைக் கண்டது. உளச்சிகிச்சை ஆய்வில் இது அலட்சியப்படுத்த முடியாத அளவு. இத்தகைய தொகுப்புகளில் திரும்பத் திரும்பத் தெரிவது இன்னொன்றும் உண்டு: ஆலோசகர் தமக்கே இட்டுக்கொள்ளும் மதிப்பெண்ணைவிட நாடி வருபவர் உணர்ந்து சொல்வதே பயனோடு நெருக்கமாக இணைகிறது. ரோஜர்ஸின் ஆறாவது நிபந்தனையும், அதை அளக்க காட்ஃப்ரி பாரட்-லெனர்ட் 1962இல் வெளியிட்ட உறவு வினாநிரலும் இதைத்தான் எதிர்பார்த்தன.

பயிற்சி முறைகளை நேரடியாக ஒப்பிட்ட ஆய்வுகளில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது வில்லியம் மில்லர் குழுவினரின் 2004ஆம் ஆண்டுப் பரிசோதனை. அவர்கள் ஆராய்ந்தது ஊக்க நேர்காணல் என்ற முறை. ரோஜர்ஸிடமிருந்து கிளைத்தது என்றாலும் மாற்றத்தை நோக்கி உரையாடலைத் திருப்பும் இயல்புடையது. ஆகவே முடிவுகளை அப்படியே நபர்மையச் சிகிச்சைக்குப் பெயர்த்துவிட முடியாது. ஆனால் அதில் அளக்கப்பட்ட திறன்களின் நடுநாடி ஒத்துணர்வுதான். போதைப் பழக்கச் சிகிச்சையில் பணிபுரியும் 140 பேர் ஐந்து பிரிவுகளாகக் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டார்கள்: பட்டறை மட்டும், பட்டறையோடு பதிவுகளின் மீதான பின்னூட்டம், பட்டறையோடு தனிப்பட்ட வழிகாட்டல், மூன்றும், கையேடும் காணொளியும் கொண்டு தானே கற்றல். தானே கற்றவர்களைவிட மற்ற நான்கு பிரிவினரும் கூடுதலாக முன்னேறினார்கள். பின்னூட்டமும் வழிகாட்டலும் திறனை மேலும் உயர்த்தின. அந்த வழிகாட்டல் நடந்தது தொலைபேசியில். முகமே பார்க்காமல் கம்பிவழி வந்த குரல் பயன் தந்தது. மிக நன்றாகத் தயாரிக்கப்பட்ட காணொளியோ தனியே விடப்பட்டபோது பெரிதாக எதையும் தரவில்லை. கோடு அறைக்கும் திரைக்கும் இடையில் இல்லை என்ற வாதத்துக்கு இதைவிட நேரான சான்றை நான் காணவில்லை.

அந்த ஆய்வின் இன்னொரு முடிவு சான்றிதழ் வழங்குவோரைத் தூங்கவிடக் கூடாதது. தாங்கள் எவ்வளவு தேர்ந்துவிட்டோம் என்று பயிற்சி பெற்றவர்கள் சொன்னதற்கும், ஒலிப்பதிவில் அவர்கள் செய்ததற்கும் தொடர்பே இல்லை. திமத்தி ஆண்டர்சன் குழுவினரின் 2009ஆம் ஆண்டு ஆய்வு வேறொரு திசையிலிருந்து இதே இடத்துக்கு வருகிறது. பல்கலைக்கழக ஆலோசனை மையமொன்றில் 1,141 பேரைச் சந்தித்த 25 சிகிச்சையாளர்களுக்கு, கையாளக் கடினமானவர்கள் பேசும் காணொளித் துண்டுகள் காட்டப்பட்டன. அவர்கள் கொடுத்த பதில்கள் மதிப்பிடப்பட்டன. வயது, தன்மதிப்பீட்டில் கிடைத்த சமூகத்திறன், இந்தச் செயல்திறன் ஆகியவற்றை ஒருசேர வைத்துப் பார்த்தபோது, நாடி வந்தவர்கள் அடைந்த பயனில் இருந்த வேறுபாட்டை விளக்கியது செயல்திறன் மட்டுமே. திரையில் தோன்றும் ஒருவருக்கு ஒருவர் பதில் சொல்லும் விதம், அறைக்குள் நேரில் அவர் செய்யப்போவதைக் காட்டிக்கொடுத்தது. எனவே திறனைத் தொலைவிலிருந்து மதிப்பிட முடியும். மதிப்பிட மனமிருக்கிறதா, அதற்கு ஆள் இருக்கிறதா என்பதே மீதிக் கேள்வி.

எதிர்த்திசையில் இழுக்கும் சான்றையும் சொல்ல வேண்டும். காணொளிச் சிகிச்சையை நேர்ச்சிகிச்சையோடு ஒப்பிட்ட நார்வுட் குழுவினரின் 2018ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில், நோய்க்குறிகள் குறைவதில் காணொளி பின்தங்கவில்லை. ஆனால் இருவருக்குமிடையிலான சிகிச்சை உறவு நேரில் இருந்ததைவிடச் சற்றுக் குறைவாக மதிப்பிடப்பட்டது. அதில் சேர்ந்தவை பெரும்பாலும் அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சை ஆய்வுகள். உறவைத் துணையாக வைத்திருக்கும் சிகிச்சைக்கு இந்தச் சிறு குறைவு பொருட்டல்லாமல் போகலாம். உறவையே சிகிச்சையாகக் கொண்ட ஒன்றுக்கு அது பொருட்டுதான்.

மறுப்புகள்

வலுவான மறுப்பு உடலைப் பற்றியது. ரோஜர்ஸின் சகாவான யூஜின் ஜெண்ட்லின், சொல்லுக்கு முன்பே உடலில் உணரப்படும் பொருளைப் பற்றி வாழ்நாள் முழுதும் எழுதினார். திரையில் தோளுக்கு மேல் மட்டும் தெரிகிறது; கால் ஆடுவது தெரியாது; கண்ணோடு கண் பொருந்தாது. மௌனம் இன்னும் பெரிய இழப்பு. விஸ்கான்சினில் மனச்சிதைவு நோயாளிகளோடு பணியாற்றியபோது ரோஜர்ஸ் பல நிமிடங்கள் பேச்சின்றி உடனிருந்த அமர்வுகள் அச்சில் இருக்கின்றன. காணொளி அழைப்பில் இருபது விநாடி மௌனம் வந்தாலே, இணைப்பு அறுந்துவிட்டதோ என்று இருவரும் பதறுகிறார்கள். இந்த மறுப்பை என்னால் முழுவதும் தள்ள முடியவில்லை; தள்ள வேண்டிய அவசியமும் இல்லை. முழுக்க இணையத்தில் கற்றவர் மௌனத்தைப் பாதிதான் கற்றிருப்பார். ஆண்டுக்குச் சில நாள்களேனும் ஒரே இடத்தில் தங்கி, அட்டவணையில்லாத குழுவில் உட்கார்ந்து எழும் கட்டத்தைப் பயிற்சிக்குள் வைக்காமல் தீராது. அதேசமயம், அறையில் மட்டுமே கற்றவரும் பாதிதான் கற்றிருக்கிறார். அவர் பணிக்குப் போகும் இடம் தொலைபேசியாகவும் இருக்கலாம். அங்கே மௌனத்துக்குள் தான் இருப்பதைக் குரலால் உணர்த்தும் கலை வேண்டும். அதைத் தொலைபேசியில்தான் பழக முடியும்.

இரண்டாவது மறுப்பை அதை எழுப்ப வேண்டியவர்களே அதிகம் எழுப்புவதில்லை: வீடு. தொலைநிலைப் படிப்பு எட்டாதவர்களுக்கு எட்டும், குறிப்பாகப் பெண்களுக்கு எட்டும் என்று சொல்லப்படுகிறது. எட்டுவது உண்மை. ஆனால் இந்தப் பயிற்சியில் ஒருவர் தன் திருமணத்தைப் பற்றி, தன் தகப்பனைப் பற்றி, தன் அவமானங்களைப் பற்றிப் பேச வேண்டும். ஒரே கூடமும் சமையலறையும் உள்ள வீட்டில், மாமியார் தொலைக்காட்சி பார்க்கும் நேரத்தில், காதில் கருவியை மாட்டிக்கொண்டால் எதிர்முனையின் குரல் மட்டுமே மறையும். பேசுபவரின் குரல் மறையாது. அவர் தணிக்கை செய்தே பேசுவார். தணிக்கை செய்து பேசுபவரிடம் பயிலும் சகமாணவரும் தணிக்கை செய்யப்பட்ட துயரத்தையே கேட்டுப் பழகுவார். விடுதியும் வகுப்பறையும் படிப்பைத் தவிரக் கொடுத்த ஒரு பெரிய கொடை, வீட்டின் காதிலிருந்து விலகிய இடம். ஆகவே எட்டச்செய்வதாகச் சொல்லும் நிறுவனம் நூலகம், பள்ளி, தொண்டு நிறுவன அலுவலகம் என ஊருக்கு அருகில் கதவு சாத்தக்கூடிய ஓர் அறையையும் ஏற்பாடு செய்தாக வேண்டும். இதைச் செய்யாதவர்கள் எளிதில் கிடைக்கச் செய்கிறோம் என்று சொல்லிக்கொள்வது முறையல்ல. குழுவில் உடைந்து அழுதவர், மணி முடிந்ததும் திரை அணைந்து தனியே விடப்படும் ஆபத்தும் இதோடு சேர்ந்தது. நேர்வகுப்பில் அதற்குப் பிறகு ஒரு தேநீர் நேரமும் உடன் நடந்துவர ஒருவரும் இருப்பார்கள். இணையவழியில் அதைத் திட்டமிட்டே உண்டாக்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பு ரோஜர்ஸையே துணைக்கு அழைக்கிறது. 1952இல் ஹார்வர்டில் நடந்த கூட்டமொன்றில், பிறருக்குக் கற்பிக்கக்கூடியவை பெரிய முக்கியத்துவம் அற்றவை என்று சொல்லி ஆசிரியர்களை அவர் கொதிக்க வைத்தார். தானே கண்டறிவதே கல்வி என்றால், தனக்கு உகந்த வேகத்தில் தானே காணொளி பார்த்துக் கற்பது அவருக்கு உகந்ததுதானே என்று கேட்கலாம். அவர் விலக்கியது கற்பித்தலை. சந்திப்பை அவர் விலக்கவேயில்லை. மாறாக, அந்த இடத்தைச் சந்திப்பால் நிரப்பினார். தனியறையில் காணொளி பார்ப்பவருக்கு ஆசிரியரும் இல்லை, சந்திப்பும் இல்லை. இங்கே சுதந்திரம் என்ற பெயரில் அவருக்குக் கிடைப்பது தனிமை.

கடைசி மறுப்பு பணம். உயிருள்ள பயிற்சியைத் தொலைவில் நடத்தினால் செலவு வகுப்பறை அளவுக்கே வரும். அப்புறம் எதற்கு அது? கணக்கு ஏறத்தாழ சரிதான். பதினைந்து பேர் கொண்ட குழுவில் ஒவ்வொருவரும் மாதம் இரண்டு ஒருமணி நேரப் பதிவுகளைக் கொடுத்தால், கேட்பதற்கு மட்டுமே மாதம் முப்பது மணி நேரம் ஆகும். தொலைநிலை பயணத்தையும் தங்கும் செலவையும் குறைக்கும். பயிற்றுநரின் நேரத்தைக் குறைக்காது. ஆயிரம் பேரைச் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய்க்குச் சான்றிதழ் தரும் திட்டத்தில் இது அடங்காது. அத்தகைய திட்டம் சிகிச்சையை அறிமுகப்படுத்தலாம், வாசகர்களை உருவாக்கலாம், அதில் தவறேதும் இல்லை. அதை முடித்தவரிடம் ஒரு மனிதரின் துயரத்தை ஒப்படைப்பதுதான் தவறு.

தமிழில் நடத்துவதானால்

தொலைவிலிருந்து கேட்பது தமிழ்ச் சூழலுக்குப் புதிதல்ல. இலங்கையில் சுமித்ரயோ 1974இலிருந்தும், சென்னையில் லட்சுமி விஜயகுமார் நிறுவிய சிநேகா 1986இலிருந்தும் தன்னார்வலர்களைக் கொண்டு உயிரை மாய்த்துக்கொள்ள நினைப்பவர்களின் குரலைக் கேட்டு வருகின்றன. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட, இந்திய அரசின் டெலி-மானஸ் மனநலச் சேவையில் 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம். தேர்வு முடிவுகள் வரும் நாள்களில் தமிழக அரசின் 104 எண்ணும் இதே பணியைச் செய்கிறது. இத்தனை பேர் தொலைபேசியில் கேட்கும் வேலைக்கு வேண்டப்படும்போது, பயிற்சியைத் தொலைவில் நடத்துவதை மொத்தமாக மூடுவது தேவைக்கும் தகுதிக்கும் இடையிலான பள்ளத்தை அகலமாக்கும். மானியக் குழுவின் தடைக்குப் பின்னுள்ள கவலை நியாயமானது; அஞ்சலில் வந்த புத்தகத்தைப் படித்துத் தேர்வெழுதியவர் சிகிச்சையாளராகிவிடக் கூடாது. ஆனால் அறுபது பேரை உட்காரவைத்துக் குறிப்பெடுக்கச் சொல்லி, ஒரு பதிவையேனும் கேட்காமல் பட்டம் கொடுக்கும் வகுப்பறையை அந்தத் தடை தொடவேயில்லை. ஒழுங்குபடுத்தும் ஆணையம் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை: பயிற்சி பெற்றவரின் எத்தனை மணி நேர உரையாடலை, தகுதியுள்ள ஒருவர் முழுதாகக் கேட்டார்? நாடி வந்தவர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டதா? குழுவில் எத்தனை பேர்? அவர்கள் எத்தனை நாள் நேரில் கூடினார்கள்? இவற்றுக்கு விடை தரமுடிந்தால் அறையா திரையா என்பது இரண்டாம்பட்சம்.

மொழியைப் பற்றிய கவலை இதைவிட ஆழமானது. இணையம் எல்லையைத் திறந்ததால் பிரித்தானிய, அமெரிக்கப் பயிற்றுநர்களிடம் மதுரையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கற்க முடிகிறது. அங்கே பயிற்சி ஆங்கிலத்தில் நடக்கிறது. அதை முடித்தவர் தமிழில் அழும் ஒருவர் முன் உட்காரும்போது, தான் பழகிய ஒத்துணர்வின் வாக்கியங்கள் வாயில் பொருந்தாமல் நிற்கின்றன. எதிரிலிருப்பவர் தன்னைவிட மூத்தவர் என்றால், அவரது உணர்வை அவரிடமே பெயரிட்டுச் சொல்வது மரியாதைக் குறைவாகக்கூடப் படலாம். இதை ஆங்கிலப் பயிற்றுநரால் கண்டுசொல்ல இயலாது. ஒருவர் பேச, ஒருவர் கேட்க, ஒருவர் கவனிக்க என மூவர் மூவராகச் செய்யும் பயிற்சியையாவது தமிழ் பேசுவோர் தமிழிலேயே செய்ய வேண்டும்; பதிவைக் கேட்பவரும் அந்த வட்டார வழக்கு தெரிந்தவராக இருக்க வேண்டும். கொங்குப் பகுதியின் பேச்சில் கோபம் ஒலிக்கும் விதமும் மட்டக்களப்பில் ஒலிக்கும் விதமும் வேறு.

1942இல் ரோஜர்ஸ் எட்டு அமர்வுகளை அச்சிட்டதுபோல, தமிழில் பயிற்சி நடத்த முன்வருபவர்கள் முதலில் கைவைக்க வேண்டியது முழு அமர்வுகளின் எழுத்துவடிவத் தொகுப்பொன்றில். அதற்கு நாடி வந்தவரின் தெளிவான இசைவு வேண்டும். இசைவைப் பிறகு திரும்பப் பெறும் உரிமையும் அவருக்கு வேண்டும். ஊரும் சாதியும் உறவுப் பெயர்களும் சேர்ந்தால் ஒருவரை எளிதில் அடையாளம் கண்டுகொள்ளும் சமூகம் நம்முடையது என்பதால், பெயரை மாற்றுவது மட்டும் போதாது. விவரங்களைக் கலைத்து அடுக்க வேண்டியிருக்கும். தொடக்கத்தில் பயிற்சி பெறுபவர்களே ஒருவருக்கொருவர் நாடி வருபவராக அமர்ந்து, தங்கள் உண்மையான சிறு சிக்கல்களைப் பேசிய பதிவுகளிலிருந்து தொடங்கலாம். பேசியவரே எழுத்துவடிவத்தைப் படித்து, வேண்டாததை நீக்கிக் கையெழுத்திட்ட பிறகு அடுத்த அணிக்குக் கொடுக்கலாம்.